பாசி எடுக்கும் தாய்மார்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

இராமநாதபுரம் மாவட்டத்தின் மன்னார் வளைகுடாக் கரையோர ஊர்களில், அறுபது வயதைக் கடந்தவர்களின் உடல்நலம் குறித்து நாங்கள் மேற்கொண்ட களப்பணி நிறைவுற்றிருக்கிறது. அதற்குத் தோள்கொடுத்த எல்லோருக்கும் ஆய்வுக் குழுவின் சார்பில் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

முதல் நன்றி பாசி எடுக்கும் தாய்மார்களுக்கே உரியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர் என்றாலும், ஆண்டுக்கணக்கில் கடலில் மூழ்கி உழைத்த உடல் எப்படி மூப்படைகிறது என்பதை அந்தப் பொதுக்கணக்கு சொல்வதில்லை. கைப்பிடி வலுவை அளக்கும் கருவியை நீட்டியபோது, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தபடியே, "வலு இருக்கு தம்பி, ரேகைதான் இல்ல, ரேஷன் கடை மிஷினுக்கு என்னைய அடையாளம் தெரியல" என்றார் கரையேறி வந்த ஒரு பாட்டி. அந்த ஒரு பேச்சுதான் எங்கள் வினாத்தாளை மாற்றியது. விரல்ரேகை பதிகிறதா, பேருந்துப் படியில் ஏற முடிகிறதா, கழிப்பறையில் குந்தி எழ முடிகிறதா என்ற கேள்விகளெல்லாம் நீங்கள் சேர்த்தவை. எங்கள் பார்வையில், ஆய்வின் மிகப் பயனுள்ள பகுதியும் அவைதாம்.

பிறந்த தேதி அறியாதவர்களின் வயதைக் கணிக்க, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலுக்கு முன் பிறந்தவரா, பின் பிறந்தவரா என்று வேப்பமரத்தடியில் கூடியமர்ந்து ஒருவருக்கொருவர் நினைவூட்டிய பெரியவர்களின் பொறுமைக்குத் தலைவணங்குகிறோம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் உடன் வராதிருந்தால் பல வீடுகளின் கதவு எங்களுக்குத் திறந்திருக்காது. வெறும் வயிற்றோடு கடலில் இறங்கும் நாளில் மயக்கத்துக்கு அஞ்சிச் சிலர் சர்க்கரை மாத்திரையைத் தவிர்த்துவிடுகிறார்கள் என்பதை எடுத்துச் சொன்னவர்களும் அவர்களே. இடம் தந்த தேவாலயத்தாருக்கும், கேள்விகளைப் படித்துப் பார்த்துத் திருத்திய மகளிர் சுயஉதவிக் குழுவினருக்கும் எங்கள் நன்றி.

ஆய்வின் முடிவுகளை வேறெங்கும் வைப்பதற்கு முன் உங்கள் ஊர்களிலேயே தமிழில் வாசித்துக் காட்டி, உங்கள் திருத்தங்களைப் பெற்றுக்கொள்வோம். இரத்த அழுத்தம் மிகுந்திருந்தவர்களை ஏற்கெனவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பியுள்ளோம். விரல்ரேகை பதியாதவர்களின் பட்டியலை, அவர்களுடைய ஒப்புதலோடு, வட்ட வழங்கல் அலுவலரிடம் ஒப்படைக்கவிருக்கிறோம். பெயர் சேர்க்க விரும்புவோர் உங்கள் ஊர்த் தன்னார்வலரிடம் தெரிவிக்கலாம்.

இப்படிக்கு,
ஆய்வுக் குழுவினர்