தக்காளியில் கை வைப்பதற்கு முன்னால்

வாழப்பாடி

அன்புள்ள கண்ணு,

தக்காளிச் செடியில் கிளையைக் கழிக்கலாமா என்று நேற்று போனில் நீ கேட்டதும் "கிளையை வெட்டு, நல்லா காய்க்கும்" என்று சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறுத்தியது. அதனால்தான் வெட்டாதே என்று விடிந்ததும் மெசேஜ் போட்டேன்.

கல்யாணத்துக்கு முன்பு நான் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் இருந்தது உனக்குத் தெரியும். பழம் பறித்து முடிந்ததும் அங்கே கவாத்து செய்வோம், அதாவது கிளைகளை வெட்டிக் கழிப்போம். அதே நினைப்பில் இங்கே வந்த புதிதில் பி.கே.எம்.1 என்கிற ரகத் தக்காளியில் நாலு பாத்தியைக் கழித்துவிட்டேன். தொடாத பாத்தியில் கிடைத்ததில் பாதிகூட அதில் வரவில்லை. நிழலுக்கு இலை இல்லாமல் சித்திரை வெயில் நேராகப் பட்டு, காயெல்லாம் ஒரு பக்கம் வெளுத்துப்போனது. உன் அம்மா அதைப் பார்த்து அழுதேவிட்டாள்.

காப்பிச் செடி பல வருஷம் நிற்கும், வெட்டினால் புதுக் கிளை விட நேரம் உண்டு. பி.கே.எம்.1 நாலரை மாசத்தில் முடிந்துவிடும் குத்துச்செடி. ஒவ்வொரு கிளையும் நுனியில் பூத்து நின்றுவிடும். கிளையை எடுத்தால் அதன் காயும் போச்சு.

உன் மாடிச் செடி ஆள் உயரம் தாண்டியும் ஓடுகிறது என்றாயே, அது கொடி ரகம். அதைக் கழிக்கலாம். காய் எண்ணிக்கை குறையும் கண்ணு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் இருக்கிற காய் பெருக்கும், கொஞ்சம் முன்னாலேயே பழுக்கும், காற்று புகுந்து இலையில் ஈரம் சீக்கிரம் காய்வதால் கருகல் நோயும் குறையும். நெருக்கி நடுகிறவர்கள் ஒற்றைத் தண்டு விடுவார்கள். உன்னிடம் ஆறு பைதானே, இரண்டு தண்டு விடு. முதல் பூங்கொத்துக்குச் சற்றுக் கீழே வரும் பக்கக்கிளைதான் வலுவானது, அதை வைத்துக்கொள். மற்றபடி இலைக்கணுவில் முளைப்பதை விரல் நீளத்திலேயே, ஈரம் காய்ந்த காலை நேரத்தில் கையால் ஒடித்துவிடு. மண்ணைத் தொடும் அடி இலைகளையும் எடு. மேல் இலையில் கை வைக்காதே, அதுதான் காய்க்குக் குடை.

அப்புறம், வீட்டில் யாராவது புகையிலை போடுகிறவர்கள் இருந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் செடியைத் தொட வேண்டாம். இலை திட்டுத் திட்டாக வெளுக்கும் தேமல் நோய், புகையிலை பட்ட கை வழியாகவும் வரும்.

ஒரே ஒரு செடியை மட்டும் கழிக்காமல் விட்டு வை. அதிலும் கழித்த செடி ஒன்றிலும் பறிப்பதைத் தனித்தனியாக எடை போட்டு எனக்குச் சொல்லு.

அப்பா