இங்கிலாந்தில் எத்தனை புள்ளடி?

ஆசிரியர் அவர்கட்கு,

இங்கிலாந்தில் உள்ளூராட்சித் தேர்தல் வந்தால், "எங்கட பிள்ளையளுக்கு அங்க வாக்கு இருக்கோ?" என்ற கேள்வி திருகோணமலை வீடுகளிலும் எழுகிறது. இருக்கிறது. இலங்கை பொதுநலவாய நாடு என்பதால், சட்டப்படி அங்கு வசிக்கும் 18 வயது நிரம்பியவர் பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமலே வாக்களிக்கலாம். வாக்கெடுப்புக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பே பெயர் பதிந்திருக்க வேண்டும்.

இங்கே சபைத் தேர்தலில் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரே புள்ளடிதான். அங்கே வட்டாரத்துக்கு மூன்று ஆசனம் என்றால் மூன்று பேருக்கு இடலாம். ஒருவரோடு நிறுத்தினாலும் செல்லும். நான்காவது விழுந்தால் முழுச் சீட்டும் போச்சு.

2023 மே முதல் படமுள்ள அடையாள ஆவணம் கட்டாயம். இலங்கைக் கடவுச்சீட்டே போதும். காலாவதியானாலும் முகம் ஒத்திருந்தால் ஏற்பார்கள். நமது தேசிய அடையாள அட்டையை நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள்.

தபால்மூல வாக்கில்தான் கூடுதலாகச் சறுக்குகிறார்கள். வாக்குச்சீட்டுடன் வரும் கூற்றுப் படிவத்தில் பிறந்த திகதியும் கையொப்பமும் வேண்டும். பிறந்த திகதிக்குரிய கட்டத்தில் அன்றைய திகதியை எழுதிவிடுவோர் உண்டு, கணவன் படிவத்தில் மனைவி ஒப்பமிடுவதும் உண்டு (ஒரே மேசையில் இரண்டு உறையையும் பிரித்தால் வேறென்ன நடக்கும்!). விண்ணப்பத்தில் கொடுத்த விபரங்களோடு ஒத்துப்பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் வாக்கு எண்ணப்படாது. உறை வாக்கெடுப்பு நாள் இரவு 10 மணிக்குள் போய்ச் சேரவேண்டும்.

வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.