சைக்கா (பர்மாவின் சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டும் தம்பிக்கும் உங்கள் எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். நடந்தது உங்களுக்குத் தெரியும். முழுக்கத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ரத்தத்தில் சிவப்பணு அளவுக்கு மீறி ஊறுகிற நோய் எனக்கு, அதைக் குறைக்கத்தான் அவ்வப்போது ரத்தம் எடுக்கிறார்கள். நேற்று வந்த ரிப்போர்ட்டில் ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு, 44 சதவீதம். அது 45-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றுதான் டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். தாளைப் பிடித்தபடி காளி கோயில் வாசலில் வெகுநேரம் நின்றிருந்தேன்.

மோல்மீனிலிருந்து பஸ் ஏறி வந்து மூன்று வாரம் சமைத்துப் போட்ட அக்கா, அர்ச்சனை செய்து விபூதி கொண்டுவந்தவர்கள், கரண்ட் போன ராத்திரிகளில் ஒயர் இழுத்து ஃபேன் ஓட வைத்த மாடி வீட்டுக்காரர்கள், உங்களுக்கெல்லாம் நான் கடன்பட்டவள். தண்ணீர் பட்டால் எனக்கு உடம்பெல்லாம் அரித்துப் பிடுங்கும் என்று கேள்விப்பட்டு, திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவில் என் மேல் ஒரு சொட்டுக்கூட ஊற்றாமல் வாளியோடு ஒதுங்கி நின்ற தெருப் பிள்ளைகளுக்கும்தான். இரும்பு டானிக் வாங்கி வந்த மாமி கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குச் சிவப்பணு அளவுக்கு மீறி ஊறுகிறது, இரும்பு சேர்ந்தால் இன்னும் ஊறும். அதனால்தான் குடிக்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் 450 மில்லி எடுப்பார்கள். கெட்டி ரத்தம், மெதுவாகத்தான் இறங்கும். பிறந்தநாள் தவறாமல் ரத்ததானம் செய்தவள் நான். இந்தப் பை யாருக்குப் போகும் என்று ஆசையாக நர்ஸிடம் கேட்டேன். "யாருக்கும் ஏற்றக் கூடாது சயாமா, அழித்துவிடுவோம்" என்றார். சயாமா என்றால் டீச்சர்.

திரும்பும்போது சைக்காவில் உட்கார்ந்து அதைச் சொல்லி அழுதுவிட்டேன். ஓட்டுகிற பர்மாக்காரத் தம்பி ஒன்றும் பேசவில்லை. மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தான்.

அடுத்த தடவை கூட்டிப்போக வந்தவனின் முழங்கை மடிப்பில் பிளாஸ்டர், ஓரம் வியர்வையில் பிரிந்திருந்தது. முந்தின நாள் ரத்த வங்கிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். "சயாமா ரத்தம் வீணாகப் போகுதே, அதுக்குப் பதிலா" என்றான். அப்புறம் சைக்காவை நிறுத்திவிட்டு, கைகூப்பி, "அம்யா, அம்யா, அம்யா" என்றான். செய்த புண்ணியத்தில் பங்கு கொடுக்கும்போது இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பதிலுக்கு நான் "தாது", அதாவது நல்லது, என்று சொல்ல வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டது, தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒரு நாள் ஓட்டம் நின்றால் அன்றைய அரிசிக்குத் திண்டாடுகிறவன் அவன்.

இந்த நோய் முற்றிலும் தீராது, ரத்தம் எடுப்பதும் நிற்கப்போவதில்லை. சரி, எடுக்கட்டும். இனி என்னிடம் எடுக்கிற ஒவ்வொரு பைக்கும் ஓர் ஆளை ரத்த வங்கிக்குக் கூட்டிப் போவேன். என் மூத்த மகன் முதல் ஆள். என்னிடம் தமிழ் படித்து 18 தாண்டிய பிள்ளைகளே, அடுத்து உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவேன்.

அந்தத் தம்பிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நாளைக்கு அவன் வந்ததும் இதைப் பர்மியத்தில் நானே வாசித்துக் காட்டப் போகிறேன், அன்றைக்குச் சொல்லாமல் விட்ட "தாது"வையும் சேர்த்து.