நான்காம் பலகையில் கறுப்புக்குத் துணை நின்றவர்களுக்கு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புடையீர், வணக்கம்.

மகளிர் அணிச் சதுரங்கத்தின் கடைசிச் சுற்றில் மூன்று பலகைகள் முடிந்தபோது புள்ளி 1½–1½. நான்காம் பலகையில் கறுப்புக் காய்கள் வென்று 2½–1½ ஆக்கின. அந்த ஓர் ஆட்டத்துக்கு உழைத்தவர்களுக்கே இந்த மடல்.

பயிற்சியாளர் ஐயா, புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெள்ளையின் பக்கமிருந்தே அச்சாகின்றன. கறுப்பில் உட்கார்ந்தால் கண் தடுமாறும். அதனால்தான் பலகையைத் திருப்பி வைத்தே பாடம் நடத்தினீர்கள். கறுப்பு ஆடும் தொடக்க முறையான பிரெஞ்சுத் தற்காப்பில் வெள்ளைச் சிப்பாய் இ5-க்கு (இ நெடுவரிசையின் ஐந்தாம் கட்டம்) முன்னேறி, பிஷப்பை டி3-இல் வைத்ததும் டி4 சிப்பாய் இலவசம்போலத் தெரியும். உடனே குதிரையால் வெட்டி, பிறகு ராணியாலும் வெட்டினால், வெள்ளையின் பிஷப் பி5-இல் 'செக்' வைக்கும், நம் ராணி போய்விடும். முதலில் நம் பிஷப்பை டி7-க்கு நகர்த்திவிட்டால் அந்தச் செக்கே இல்லை. அதன்பின் சிப்பாயை எடுக்கலாம். இ5 சிப்பாயையும் எடுக்க ஆசை வரும். எடுத்தால் வெள்ளை யானை இ1-க்கு வந்து ராணியை விரட்டும், ராஜா நடுவிலேயே மாட்டும். அதற்குப் பதில் சிப்பாயை ஏ6-க்கு நகர்த்தி, பின் குதிரை இ7, சி6, பி4 வழியாகப் போய் டி3 பிஷப்பைத் தீர்த்துவிட வேண்டும். ஆட்டத்தில் அப்படியே நடந்தது.

செந்தூல் அக்கா, வெள்ளையாக அமர்ந்து இதே தாக்குதலை மாலைதோறும் ஆடிக் காட்டினீர்கள். யானைகளும் சிப்பாய்களும் மிஞ்சும் முடிவாட்டத்துக்குக் கடிகாரத்தை ஒரே நிமிடத்தில் வைத்தீர்கள். நகர்வுக்கு 30 விநாடி கூடும் போட்டியில் கடைசிவரை நகர்வுகளை எழுதியாக வேண்டும். காய், கடிகாரம், பேனா என்று கை பழகாவிட்டால் அந்த 30 விநாடியும் போதாது. சிப்பாய் ராணியாக ஒரே கட்டம் மிஞ்சும் 'லூசெனா' முடிவாட்ட நிலையில், எதிரி யானையின் செக்கை மறைக்கப் பாலம் கட்ட, வெள்ளையின் யானை நான்காம் வரிசைக்கு வரும். கறுப்புக்கு அது ஐந்தாம் வரிசை. டி-சிப்பாயைக் கரைசேர்த்தது அந்தக் கணக்குதான்.

எதிரணி சமநிலை கேட்டபோது, "வேண்டாம், ஆடு" என்று மட்டும் சொன்ன அணித் தலைவர் அண்ணனுக்கும் நன்றி. காய்நிலையைப் பற்றித் தலைவர் ஒரு சொல்லும் பேசக்கூடாது என்பது விதி. அதை நெருக்கடியிலும் காத்தீர்கள்.

பயிற்சிக்கு இடம் தந்தவர்களுக்கும், வாழைப்பழமும் மைலோவும் கட்டிக் கொடுத்த அம்மாக்களுக்கும் எங்கள் அன்பு.

ஆட்டக் குறிப்பைப் படியெடுத்து வைத்திருக்கிறோம். தமிழ்ப்பள்ளிப் பயிற்சிக்கு வேண்டுவோர் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மகளிர் அணியினர்