எங்கள் லக்ராஸ் கிளப்பை நடத்தித் தரும் அக்காவுக்கு நன்றி

அமெரிக்காவின் மேரிலாந்தில் கல்லூரி முடித்த பெண்களுக்கான எங்கள் லக்ராஸ் (வலை கட்டிய கம்பால் பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டம்) கிளப்பை, ஒரு காசு வாங்காமல் நடத்திவரும் அக்காவுக்கு மனமார்ந்த நன்றி. பெயர் போடக் கூடாது என்பது அவர் விருப்பம். அவர் செய்யும் வேலையையாவது சொல்கிறோம்.

கல்லூரி அணிக்கு மைதானம், நடுவர் எல்லாம் நிர்வாகமே பார்த்துக்கொள்ளும். கிளப்பில் ஒவ்வொன்றையும் யாராவது அலைந்து வாங்க வேண்டும். மைதான அனுமதியை ஆட்ட நேரத்துக்கு மட்டும் எடுத்தால் கோடு போட நேரமிருக்காது. அவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே எடுத்துவிடுவார்.

கோடுதான் பெரிய வேலை. கோலுக்கு முன்னால் போடும் 8 மீட்டர் வளைவைப் பலர் கோல் கோட்டிலிருந்து அளந்துவிடுகிறார்கள். கோலைச் சுற்றிய கோல் வட்டத்தின் விளிம்பிலிருந்துதான் அளக்க வேண்டும். தப்பினால் ஃப்ரீ பொசிஷன் ஷாட் (எதிரணி விதி மீறியதால் கிடைக்கும் கோல் வாய்ப்பு) இரண்டு மீட்டருக்கு மேல் நெருங்கிவிடும். அடி வாங்குவது கோலி (கோலைக் காப்பவர்). அக்காவின் முறை எளிது: கோல் கோட்டின் நடுவில் ஓர் ஆணி, வட்டத்தின் ஆரத்தோடு 8 மீட்டர் கூட்டி முடிச்சுப் போட்ட கயிறு. நைலான் வேண்டாம், இழுத்தால் நீளும், வளைவு கோணலாகும்.

கண் கவசமும் மவுத்கார்டும் இல்லாதவரை நடுவர் இறக்க மாட்டார். இரண்டுமே அவர் பையில் உபரியாக இருக்கும். கோலி கிடைப்பது அரிது என்பதால், முதலில் கோலியிடம் கேட்டுவிட்டுத்தான் தேதி குறிப்பார். மற்ற கிளப்புகளும் இதைச் செய்யலாம்.

அக்கா, கோலியின் ஹெல்மெட், மார்புக் கவசப் பையை இனி நாங்கள் முறை வைத்து எடுத்து வருகிறோம்.