சம்பளம் எங்கே போகிறது என்று கேட்ட மகளுக்கு

பட்டர்வொர்த்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். நீ புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிய மாதச் செலவுக் கணக்கை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, இரண்டு மாலைப்பொழுதுகள் அதனுடனேயே உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில் பதில் எழுதினால் பாதியிலேயே விட்டுவிடுவேன் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

"நாங்கள் சோம்பேறிகளும் இல்லை, ஊதாரிகளும் இல்லை, பிறகு எங்கே அப்பா போகிறது?" என்று கேட்டிருந்தாய். உன் பெரியப்பா கல்யாண விருந்தில் எல்லார் முன்னிலையிலும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காப்பிக் கடையாலும் கைப்பேசியாலும்தான் கடன் என்று சொன்னது உன் மனத்தைச் சுட்டிருக்கிறது. உன் கணக்கை வரிவரியாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: அவர் சொன்னது தவறு. மாதம் முழுவதும் நீங்கள் வெளியில் சாப்பிட்டதை அடியோடு நிறுத்தினாலும் குழந்தைகள் காப்பகத்தின் பாதிக் கட்டணம்கூடத் தேறாது.

முதலில் வீட்டை எடுத்துக்கொள்வோம். 1989ஆம் ஆண்டில் இந்த வீட்டை நான் 46,000 மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வாங்கியபோது என் சம்பளம் 960 வெள்ளி. அதாவது ஏறக்குறைய நான்கு ஆண்டுச் சம்பளம். கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் நீங்கள் வாங்கிய அடுக்ககம் 4,30,000 வெள்ளி. உங்கள் இருவரின் சம்பளமும் சேர்ந்து 9,000. அதுவும் நான்கு ஆண்டுச் சம்பளந்தான். பெரியப்பாவைப் போன்றவர்கள் இந்த இடத்தில் நின்றுவிட்டு, "பார்த்தாயா, அன்றும் நான்கு, இன்றும் நான்கு" என்பார்கள். என்னுடைய நான்கு ஆண்டு ஒரே ஆளின் சம்பளம், உங்களுடையதோ இரண்டு ஆள்களின் சம்பளம் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. மருமகனின் 4,800 வெள்ளியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் ஏழரை ஆண்டு ஆகிவிடுகிறது. மேலும், எனக்குக் கிடைத்தது நான்கு விழுக்காட்டு வட்டியில் அரசாங்க ஊழியர் வீட்டுக் கடன். உங்கள் கடன் வங்கியுடையது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2020 ஜூலையில் 1.75 விழுக்காட்டில் வைத்திருந்த அடிப்படை வட்டி 2023 மே மாதத்தில் 3 விழுக்காட்டுக்கு ஏறியதும் உங்கள் தவணையும் கூடவே ஏறியது உனக்கு நினைவிருக்கும்.

அலமாரியைத் துழாவியபோது பழைய 555 நோட்டுப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. மளிகைக் கடையில் கடனுக்கு வாங்கியதை எழுதிவைக்கும் அந்தச் சிறிய புத்தகத்தை நீயும் பார்த்திருக்கிறாய். அதில் அரிசி, சீனி, பால்மாவு, மண்ணெண்ணெய் எல்லாம் இருக்கின்றன. டோல் இல்லை, காப்பகம் இல்லை, மருத்துவக் காப்புறுதி இல்லை, கல்விக் கடன் இல்லை. இவற்றுக்கெல்லாம் தேவை இல்லாமல் போகவில்லை; அவை என் சம்பளத்தில் கைவைக்காமல் வேறு எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தன. பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத்தில் போய்விடுவேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் மாதப் படி கொடுத்தார்கள். நீயும் மருமகனும் பட்டம் வாங்கியபோது பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனோடுதான் வெளியே வந்தீர்கள். உன்னையும் உன்னோடு பிறந்த இருவரையும் உன் பாட்டி வளர்த்தார், அதற்கு யாரும் ரசீது கொடுக்கவில்லை. அரசாங்க மருத்துவமனையில் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வெள்ளிக்குப் பொது மருத்துவரைப் பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் அரை நாள் காத்திருக்க உனக்கு விடுப்பு வேண்டும், அது கிடைக்காததால்தான் காப்புறுதிக்குப் பணம் கட்டுகிறாய். அந்தக் காப்புறுதிக் கட்டணம் தாறுமாறாக ஏறி ஊரே கூச்சல் போட்ட பிறகு, 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பி ஏற்றும்படி சொன்னது. ஏற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்தது, நீங்கள் எந்த வர்க்கம் என்ற கேள்வி. 2022ஆம் ஆண்டுப் புள்ளிவிவரத் துறைக் கணக்கின்படி, 5,250 முதல் 11,819 வெள்ளி வரை வருமானமுள்ள குடும்பங்கள் எம்40, அதாவது நடு நாற்பது விழுக்காடு. அந்த அளவில் நீங்கள் நடுவில் வசதியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். அதே கணக்கில் கோலாலம்பூர்க் குடும்பங்களின் நடுநிலை வருமானம், அதாவது பாதிக் குடும்பங்கள் மேலேயும் பாதி கீழேயும் நிற்கும் கோடு, 10,234 வெள்ளி. ஆக, நாட்டுக்கு நீங்கள் நடுத்தரம், நீங்கள் வாழும் ஊரில் நடுக்கோட்டுக்கும் கீழே. கணக்கு வாத்தியாராக இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூறு குடும்பங்களை வரிசையில் நிறுத்தி நடு நாற்பதுக்கு ஒரு பெயர் வைத்தால், அந்த நாற்பது எந்தக் காலத்திலும் முப்பதாகக் குறையாது. எம்40 அப்படியேதான் இருக்கும். அந்தப் பெயருக்குள் இருப்பவர்களின் வாழ்க்கைதான் சுருங்கும். பழைய வருமானக் கோட்டை அசைக்காமல் வைத்துப் பார்த்தால்தான் சரிவு கண்ணுக்குப் படும். பெருந்தொற்று வந்த 2020இல் அப்படிப் பார்த்தபோது, எம்40 குடும்பங்களில் ஐந்தில் ஒன்று, ஏறக்குறைய 5,80,000 குடும்பங்கள், கீழ் நாற்பதான பி40க்கு இறங்கியிருந்தன. அந்தக் காலத்தில் ஊழியர் சேமநிதியிலிருந்து மக்கள் எடுத்த பணம் 145 பில்லியன் வெள்ளி. வேலை திரும்பி வந்தது. எடுத்த சேமிப்பு அத்தனை எளிதில் திரும்பவில்லை.

சம்பளம் ஏன் ஏறவில்லை என்பதுதான் மூல வினா. இந்த நாட்டில் உற்பத்தியாகும் செல்வத்தில் ஊழியர்களுக்குச் சம்பளமாகப் போவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதை 2025க்குள் 40 விழுக்காடாக்குவோம் என்று அரசாங்கத்தின் 12ஆவது மலேசியத் திட்டத்தில் எழுதினார்கள், எட்டவில்லை. மலிவான வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கிடைக்கும்வரை இயந்திரத்தில் பணம் போட முதலாளிக்கு அவசரமில்லை. பினாங்கின் பாயான் லெப்பாசில் 1972இல் தொழிற்பேட்டை திறந்து மின்னணு நிறுவனங்களை வரவழைத்தபோது, வேலை கொடுத்தால் போதும் என்று இருந்தோம். அத்துறைத் தொழிலாளர்கள் நாடு தழுவிய சங்கம் அமைக்க நெடுங்காலம் அனுமதி மறுக்கப்பட்டது. தோட்டத்திலிருந்து தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிய நம் பெண்கள் எத்தனையோ பேர், பேரம் பேசும் சங்கம் இல்லாமலேயே ஓய்வுபெற்றார்கள். இப்போது பட்டதாரிகள் பெருகிவிட்டார்கள், பட்டத்துக்கேற்ற வேலைகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. கோலாலம்பூரில் தனியாள் ஒருவர் கௌரவமாக வாழ 2016இல் 2,700 வெள்ளியும், இரண்டு பிள்ளைகளுள்ள தம்பதிக்கு 6,500 வெள்ளியும் தேவை என்று பேங்க் நெகாரா மதிப்பிட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2022இல், நாட்டின் நடுநிலைச் சம்பளம் 2,424 வெள்ளி.

கீழே உள்ளவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் 900 வெள்ளியில் தொடங்கி 2025இல் 1,700 வெள்ளிக்கு வந்திருக்கிறது. அது நியாயம், இன்னும் ஏற வேண்டும். அரசாங்கத்தின் ரஹ்மா உதவித்தொகையும் உண்டு, ஆனால் குடும்ப வருமானம் 5,000 வெள்ளியைத் தாண்டினால் கிடையாது. மேலே உள்ளவர்களுக்கு வாடகையும் பங்கும் வருகின்றன. உங்களைப் போன்றவர்களுக்கு உதவியும் இல்லை, சொத்தும் இல்லை, சம்பளம் ஒன்றுதான். அது அசையாதபோது சுற்றியுள்ளவை எல்லாம் அசைகின்றன.

வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். உன் 4,200 வெள்ளியில் பிடித்தம் போகக் கைக்கு வருவது சுமார் 3,650. நீ வேலைக்குப் போவதற்காகவே ஆகும் செலவு, இரு பிள்ளைகளின் காப்பகம் 1,400, இரண்டாவது காரின் தவணை 620, பெட்ரோலும் டோலும் 450, மதியச் சாப்பாடு 300, மொத்தம் 2,770. மிஞ்சுவது 880 வெள்ளி. இதற்காகவா விடிகாலையில் எழுந்து ஓடுகிறேன் என்று நீ நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் உன் பங்கு 11 விழுக்காடும் முதலாளி பங்கு 13 விழுக்காடுமாக மாதம் 1,008 வெள்ளி சேமநிதியில் உன் பெயரில் ஏறுகிறது. எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது. உனக்கு அது ஒன்றுதான். ஆகவே விடாதே. சேமநிதியின் மூன்றாவது கணக்கில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றாலும், பண்டிகைச் செலவுக்காக அதைத் தொடாதே.

உன் அம்மாவிடம் பேசினேன். சின்னவன் பள்ளிக்குப் போகும்வரை அங்கு வந்து இருக்கிறேன் என்கிறாள். பாட்டி உங்களை வளர்த்ததைப் போல மறுபடியும் ஒரு பெண்ணின் சம்பளமில்லாத உழைப்பில்தான் உங்கள் வரவு செலவு நேராகிறது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அவளுடைய முழங்கால் வலியையும் யோசிக்க வேண்டும். உங்கள் மின்தூக்கி அடிக்கடி பழுதாகிறது என்றாயே. பெரியவனைக் காப்பகத்திலேயே விட்டுவிட்டுச் சின்னவனை மட்டும் அவள் பார்த்துக்கொண்டால் மாதம் 700 வெள்ளி மிஞ்சும். மருமகனுடன் கலந்து பேசி இந்த வாரத்துக்குள் சொல். பள்ளி விடுமுறைக்கு முன்பே இடிஎஸ் மின்சார ரயிலில் இடம் எடுக்க வேண்டும், விட்டால் கிடைக்காது.

அன்புடன்,
அப்பா