எங்கள் சின்ன வகுப்புகளுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

முதல் இரண்டு வகுப்புகளின் ஆசிரியர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. 'பெயர் போடாதீர்கள்' என்று உங்களில் பலர் முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள். சரி, பெயரில்லாமலே எழுதுகிறோம்.

கண் பரிசோதனைக் குழுவினருக்கு முதல் நன்றி. மங்கலாகத் தெரிகிறது என்று 5 வயதுப் பிள்ளை வந்து சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். எப்போதும் பக்கத்து நோட்டைப் பார்த்தே எழுதும் சிறுமியை நீங்கள்தான் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தீர்கள். ஒரு கண்ணில் மட்டும் குறை. 'சோம்பேறிக் கண்' எனப்படும் இதை 7 வயதுக்குள் கண்டுபிடித்தால் சரிசெய்வது எளிது. தள்ளிப்போகப் போகக் கடினம். நல்ல கண்ணைப் பட்டையால் மூடி, மங்கலான கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். பட்டையோடு வந்த முதல் நாள் அவள் தலையே நிமிரவில்லை. உங்களில் ஒருவர் வகுப்பிலிருந்த கரடி பொம்மைக்கும் ஒரு பட்டை ஒட்டிவிட்டுப் போனார். அப்புறம் எல்லோருக்கும் பட்டை வேண்டுமென்று ஒரே ரகளை!

வாராவாரம் கதை வாசிக்க வந்த பெரியவர்களே, நீங்கள் ஒரே மூச்சில் வாசித்து முடிக்காததுதான் எங்களுக்குப் பிடித்தது. பாதியில் நிறுத்தி, "முயல் இப்ப என்ன பண்ணும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பீர்கள். ஒரு பிள்ளை வார்த்தையைத் தேடி எடுக்கும்வரை காத்திருக்க, வகுப்பு முழுவதையும் வைத்துக்கொண்டு எங்களால் முடிவதில்லை. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு அந்த மொழியிலேயே கதை சொன்ன அம்மாக்களுக்கும் நன்றி. வீட்டு மொழி பள்ளி மொழிக்கு இடைஞ்சல் என்று நம்பிய பெற்றோர் சிலர், உங்களைப் பார்த்தபின் வீட்டிலும் கதை சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

குழாயடியில் மரப்படி செய்து போட்ட தச்சருக்குத் தனி வணக்கம். 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று எத்தனை பாடம் நடத்தினாலும், குழாய் எட்டாவிட்டால் என்ன பயன்?

பிரிக்கப்படாமலே கிடக்கும் நன்கொடைப் பெட்டிகளும் எங்களிடம் உண்டு, அதை விடுங்கள். நீங்கள் முதலில் "என்ன வேண்டும்?" என்று கேட்டீர்கள். சொன்ன நாளில் வந்தீர்கள். வர முடியாத வாரம் முன்பே சொல்லி வேறொருவரை அனுப்பினீர்கள். வருகிறேன் என்றவர் வராவிட்டால் இந்த வயதுப் பிள்ளைகள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேறு எதிலும் மனம் போகாது. அடையாளச் சரிபார்ப்பு, பிள்ளையோடு எந்தப் பெரியவரும் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி, எதற்கும் நீங்கள் முகம் சுளிக்கவில்லை. அதற்கும் நன்றி.

அடுத்த பருவத்தில் காதுப் பரிசோதனையும் செய்யலாம் என்கிறது கண் குழு. சளிக்குப் பின் நடுக்காதில் நீர் தங்கி, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைகள் இந்த வயதில் நிறைய. அதற்குச் சத்தமில்லாத ஓர் அறை வேண்டுமாம். எங்கள் பள்ளியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

நன்றியுடன்,
தொடக்க வகுப்பு ஆசிரியர்கள்